இரண்டு பேர் பிழியும் துணி

வயிறு முட்டத் தண்ணீரோடு மிஷின் பாதியில் நின்றுவிட்டது. துணிக்காரம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு மிதந்தன. மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். அடியில் ஏதோ முனகியது, திணறியது, அடங்கிப்போனது. மறுபடியும் அழுத்தப்போனவள், நகத்தோரம் பொத்தானில் பட்டதும் "அம்மா" என்று கையை உதறி அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

வலது கை ஆள்காட்டி விரலில் அவளுக்கு நகச்சுத்தி. முதலில் நகத்தோரம் கொஞ்சம் சிவந்தது. ஈரத்திலேயே கிடக்கிற கைக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டாள். இப்போது விரல் நுனி பழுத்த மிளகாய் மாதிரி பளபளத்தது. கையைத் தொங்கவிட்டால் விண்விண்ணென்று தெறித்தது. ஒரு விரல்தானே என்று மற்றவர்கள் சொல்லிவிடலாம். ஊக்கு மாட்ட, அடுப்பு பற்றவைக்க, துணி பிழிய என்று எதற்குப் போனாலும் அந்த விரல்தான் முந்திக்கொண்டு போய் நின்றது.

அந்த வீட்டில் வெளுப்பது, இரண்டு தெரு தள்ளியிருந்த முதியோர் இல்லத்துத் துணிகள். இல்லத்தில் பாதிப் பேர் படுத்த படுக்கை. அங்கே அந்த வாரம் வயிற்றுப்போக்கு பரவியிருந்தது. ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் அடுத்தவர் விழுந்தார். வருகிற மூட்டைகள் இரட்டிப்பாகிவிட்டன. வெளியே மழை விட்டபாடில்லை. மாடிக் கொடியில் துணி போட வழியில்லாமல் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, இரண்டு மின்விசிறிகளை முழுவேகத்தில் ஓடவிட்டுக் காயவைத்தார்கள். சமையலறைக்குப் போகிறவர்கள் ஈர விரிப்புகளை முகத்தால் விலக்கிக்கொண்டு குனிந்துதான் போக வேண்டும். சாப்பிடுகிற சோற்றில்கூடச் சோப்பு வாசனை ஏறியிருந்தது.

"என்னங்க," என்று உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "மிஷின் நின்னுடுச்சு."

உள்ளறையிலிருந்து முதலில் ஒரு தும்மல் வந்தது. பிறகு இருமல். அதற்கப்புறம்தான் அவள் கணவர் வந்தார். போர்வையைத் தலையோடு சுற்றியிருந்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"சத்தம் எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னா? நின்னுடுச்சு."

"அது இல்ல. நிக்கும்போது கடகடன்னு வந்துச்சா, ம்ம்ம்னு வந்துச்சா?"

"உங்கள மாதிரிதான் வந்துச்சு. முக்கி முனகிட்டு அப்படியே படுத்துக்கிச்சு."

இஸ்திரி மேசைப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து பாதியில் நின்றது. சிரித்தது நாத்தனார். சிரித்துவிட்ட பிறகுதான், அண்ணியோடு தான் பேசுவதில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு தலையணை உறையின் ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

அவளுடைய பை வாசல் கதவோரம் பிளாஸ்டிக் உறை போட்டு இருந்தது. மத்தியானப் பேருந்தில் அவள் கிளம்புகிறாள். வேறு ஊரில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையில் எழுந்தவள், இருக்கிறவரை தேய்த்து வைத்துவிட்டுப் போகலாம் என்று தானாகவே இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், புருஷனோடு சரிப்படாமல், "நாலு நாள் இருந்துட்டுப் போறேண்ணே" என்று இதே பையோடு வந்தவள் அவள். நாலு நாள் இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த மறுவாரமே இஸ்திரி மேசை அவளுடையதாகிவிட்டது. அண்ணிக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. சின்னச் சின்ன உரசல்கள் வரும், அடுத்த வேளைச் சாப்பாட்டில் கரைந்துபோகும். போன மாதம் ஒரு நாள் பெட்டியை விரிப்பின் மேல் வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினாள். திரும்பி வருவதற்குள் துணியில் பழுப்பாகப் பெட்டியின் அச்சு விழுந்துவிட்டது. துணிக்காரம்மா அதை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "உன் வீடா இருந்தா இப்படித் தேய்ப்பியா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நாத்தனார் விரிப்பை வாங்கி மடித்து ஓரமாக வைத்தாள். அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. யார் யாரையோ விசாரித்து வேலை தேடிக்கொண்டாள். துணிக்காரம்மாவும் ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதிலையும் கேட்டுக்கொள்ள வேண்டுமே.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். அவன் எங்கோ இரைச்சலுக்கு நடுவே இருந்தான்.

"மோட்டார் போயிருக்கும்க்கா. ரொம்ப லோடு போட்டீங்களா?"

"போடாம? துணியெல்லாம் வரிசையில வந்து நிக்குது."

"நாளன்னிக்கு வந்து பாக்கறேன்."

"நாளன்னிக்கு வந்து யாரப் பாக்கப்போற? சாயங்காலத்துக்குள்ள துணி போகணும்ப்பா."

"மழையில எல்லார் வீட்டு மிஷினும் படுத்துடுச்சுக்கா. நான் ஒரு ஆள் என்ன பண்றது?" என்றான். அவன் குரலிலும் சளி இருந்தது. அதற்கு மேல் அவளுக்குக் கோபப்பட வரவில்லை.

"நான் அடியில கழட்டிப் பாக்கறேன்," என்றார் கணவர்.

"வேணாம். படுங்க."

அவர் எதைக் கழற்றிப் பூட்டினாலும் ஒரு திருகாவது மிச்சம் விழும் என்பதால் தெருவில் அவருக்கு 'மிச்சத்திருகு' என்று பெயர். வீட்டு மின்விசிறி, அடுத்த வீட்டு மிக்ஸி, மாடி வீட்டுக்காரரின் சைக்கிள் எல்லாம் ஏதோ ஒன்று குறைந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிறதே என்பார் அவர்.

இல்லத்து வண்டிக்காரர் அடுத்த மூட்டையை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறக்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற மனிதர் இல்லை அவர். இத்தனை வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது.

"வார்டன் அம்மா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லி அனுப்பிச்சாங்க. மாத்துத் துணி சுத்தமா தீர்ந்துபோச்சு. காலையில ரெண்டு கட்டில்ல வெறும் ரெக்சின் மேலதான் படுக்கப்போட்டிருக்கோம். பாட்டிங்களுக்கு முதுகெல்லாம் ஒட்டிக்குது, பாவம். சாயங்காலம் வந்து எடுத்துக்கட்டுமா?"

துணிக்காரம்மா மிஷினைப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "வாங்க," என்றாள்.

அவர் போனதும் கணவர் கேட்டார்: "எப்படிக் குடுப்ப?"

"கையால."

"எந்தக் கையால?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குவளையால் மிஷினுக்குள் இருந்த தண்ணீரை வாளிக்கு மொண்டாள். விரிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் அலசினாள். அலசுவது ஒரு மாதிரி நடந்தது. பிழிவதில்தான் சிக்கல். தண்ணீர் குடித்த பருத்தி விரிப்பு ஒன்று, தூங்குகிற குழந்தையை விடக் கனக்கும். குழாயில் விரிப்பைச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து இடது கையால் முறுக்கினாள். வலது கையில் மணிக்கட்டை மட்டும் முட்டுக்கொடுத்தாள். கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. பிடி நழுவியதும் முறுக்கு முழுவதும் படபடவென்று பிரிந்து அவள் முகத்தில் ஈரத்தை அறைந்தது. இன்னொரு தடவை முறுக்கினாள். இன்னொரு தடவை அறைந்தது.

இஸ்திரி மேசையிலிருந்து பார்த்தால் குளியலறை நேராகத் தெரியும். நாத்தனார் கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி தேய்த்தாள். கடைசித் தலையணை உறையும் முடிந்தது. தேய்க்க வேறு துணி இல்லை. கொடியில் கிடந்ததெல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்கு வந்து விரிப்பின் ஒரு முனையைக் கையில் எடுத்தாள்.

துணிக்காரம்மா மறு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் முறுக்கினார்கள். விரிப்பு இரண்டு பேர் கையிலும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் முறுக்கினா எப்படிப் பிழியும்?" என்றாள் துணிக்காரம்மா.

"நான் சரியாத்தான் முறுக்கறேன். நீங்க இடது கையால முறுக்கறீங்க, அதான்."

"அப்ப நீ மாத்து."

"மாத்தறேன்."

அவள் மாற்றினாள். விரிப்பு கயிறாகி இறுகியது. தண்ணீர் கொட்டியது. இரண்டு பேரும் ஒரு அடி முன்னால் வந்து, மடித்து, மறுபடி முறுக்கினார்கள். பிறகு உதறினார்கள். உதறும்போது எழுந்த தூறல் இரண்டு பேர் மேலும் விழுந்தது. ஒன்று முடிந்து அடுத்தது. பேச்சு இல்லை. "ம்" என்றால் இழு, "ம்ம்" என்றால் விடு. கொஞ்ச நேரத்தில் அதுவும் தேவைப்படவில்லை. முன்னறைக் கயிறுகள் நிறைந்துகொண்டே வந்தன. துணிக்காரம்மாவுக்கு முதுகு விட்டுப்போயிற்று. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை, குனிந்தால் நிமிர முடியவில்லை. எதிரே இருந்தவளும் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தடித்த விரிப்பு ஒன்றை முறுக்கும்போது துணிக்காரம்மாவின் இடது கை வழுக்கியது. பழக்க தோஷத்தில் வலது கை பாய்ந்து பிடித்தது. விரல் முறுக்குக்குள் சிக்கிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத் துணியில் மஞ்சளும் சிவப்புமாகச் சீழ் வடிந்தது.

"உடைஞ்சுடுச்சா? காட்டுங்க. காட்டுங்க அண்ணி!"

"விரிப்பு, விரிப்புல பட்டுடுச்சு பாரு."

"விரிப்பு கெடக்கட்டும். கையக் குடுங்க."

நாத்தனார் அவளைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீரில் உப்பைக் கலந்து விரலை முக்கினாள். பிறகு சுத்தமான துணியால் பிடித்து நகத்தோரத்திலிருந்து மெல்ல அழுத்தினாள். துணிக்காரம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டா இத்தனை நேரம் முறுக்கினீங்க?"

"நீயும்தான் வெச்சுக்கிட்டிருந்த."

நாத்தனாரின் கை நின்றது. பிறகு மறுபடி அழுத்தினாள்.

"அன்னைக்கு நான் கேட்டது..." என்று ஆரம்பித்தாள் துணிக்காரம்மா.

"அது எதுக்கு இப்ப."

"நீ போறது அதனாலதானே?"

வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முன்னறையில் மின்விசிறிகள் ஈரத்துணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"அன்னைக்கு ரொம்ப அழுதேன் அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். உங்களத் திட்டினேன் மனசுக்குள்ள, கண்டபடி. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதிலே தெரியல. என் வீடா இருந்தா எப்படித் தேய்ப்பேன்? எனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல அப்பா வீடு. அப்புறம் அந்த ஆளு வீடு. அப்புறம் அண்ணன் வீடு."

"ஆறு வருஷம் இருந்தும் இது உனக்கு அண்ணன் வீடுதானா?"

"பின்ன? ஆறு வருஷமா துணி காஞ்ச அப்புறம்தான் அண்ணி எனக்குப் படுக்க இடம்."

துணிக்காரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

நாத்தனார் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரிதான் சொன்னாள். முன்னறையில்தான் அவள் படுப்பாள். மழைக் காலத்தில் கடைசி விரிப்பு காய்ந்து, கயிறு காலியாகிற வரைக்கும் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சில நாள் அப்படியே தூங்கியும் போவாள். துணிக்காரம்மா அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்ததை இப்போதுதான் யோசித்தாள்.

"அங்க ஒரு ரூம் தராங்க," என்றாள் நாத்தனார். "சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். சாவி என்கிட்ட இருக்கும். நெனச்சா கதவச் சாத்திக்கலாம்."

"சொல்லியிருக்கலாமே என்கிட்ட."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? செவுத்த நீட்டுவீங்களா?"

விரலைச் சுற்றிக் கட்டு போட்டு, ஓரத்தைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். "வலிக்குதா?"

"விட்டுப்போச்சு," என்றாள் துணிக்காரம்மா. விரலில் தெறிப்பு அடங்கியிருந்தது உண்மைதான்.

அப்போது துவைக்கிற இடத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். மிஷின் சுவரோடு சாய்ந்து நிற்க, அதன் அடியில் போர்வையோடு மல்லாந்து படுத்திருந்தார் கணவர். காலைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"படுங்கன்னு சொன்னேன்ல!"

"படுத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றார் அவர் அடியிலிருந்து. "மோட்டார் இல்ல. தண்ணிய வெளிய தள்ளுற பம்பு. உள்ள என்னமோ சிக்கியிருக்கு. ஒரு டார்ச்சப் பிடி."

தும்மலுக்கும் இருமலுக்கும் நடுவே விரலை விட்டு நோண்டி எதையோ பிடுங்கி எடுத்து, வெளிச்சத்தில் காட்டினார். ரோஸ் நிறத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் வரிசையாக மூன்று பல்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"பல்லா?" என்றாள் நாத்தனார்.

"மிஷினுக்குப் பல்லு முளைச்சிருக்கு," என்றார் அவர்.

துணிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரிக்கப்போய் இருமலில் மாட்டிக்கொண்டார். அவரை எழுப்பி உட்காரவைத்து இரண்டு பேரும் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. நெற்றி கொதித்தது.

பம்பைப் பூட்டி மிஷினை நிமிர்த்தினார்கள். வழக்கம்போல ஒரு திருகு தரையில் மிச்சம் கிடந்தது. பொத்தானை நாத்தனார் அழுத்தினாள். அடியில் மிச்சமிருந்த தண்ணீர் குழாய் வழியே சீறிக்கொண்டு வெளியேறியது. டிரம் மெதுவாகச் சுற்றி, வேகம் எடுத்து, வீடே அதிரச் சுழன்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் நின்றார்கள். துணிக்காரம்மாதான் முதலில் பேசினாள்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. முகத்தக் கழுவிட்டுக் கிளம்பு. இனிமே மிஷின் பாத்துக்கும்."

"மிஷின் தேய்க்குமா?"

"நான் தேய்ப்பேன்."

"இந்த விரல வெச்சுக்கிட்டா? ஊருக்கெல்லாம் அச்சுப் போட்டு அனுப்புவீங்க."

"போட்டா போட்டுட்டுப் போறேன். நீ போடாததா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று துணிக்காரம்மாவுக்குத் திக்கென்றது. நாத்தனாரின் முகம் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. பிறகு உதட்டோரம் கோணியது.

"நாளைக்குக் காலை பஸ்ஸுல போறேன். அண்ணனுக்குக் காய்ச்சல்னு போன் பண்ணிச் சொல்லிடறேன். பொய்யில்லையே," என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் செருகினாள்.

அதற்கப்புறம் பேச நேரமில்லை. மிஷின் பிழிந்து தள்ளியது. அரைகுறையாகக் காய்ந்ததைப் பெட்டிச் சூட்டில் நாத்தனார் முழுசாகக் காயவைத்தாள். துணியிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. துணிக்காரம்மா கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் மடித்தாள். நடுவில் ரொட்டியும் தேநீரும்தான் சாப்பாடு. நின்றுகொண்டே தின்றார்கள்.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்தபோது சூடு ஆறாத விரிப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பல்லைக் காட்டியதும் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவமே! இது ஜன்னலோரக் கட்டில் தாத்தாவோடது. பக்கத்துக் கட்டில்காரர் திருடிட்டாருன்னு ஒரே ரகளை. ரெண்டு பேரும் அத்தனை சிநேகம், இப்ப ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாங்க."

"நல்லாக் கழுவியிருக்கு. சோப்புல ஊறின பல்லுன்னு சொல்லுங்க," என்றார் கணவர் போர்வைக்குள்ளிருந்து.

வண்டி போன பிறகு, கொடியில் இன்னும் சில விரிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. துணிக்காரம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோனாள். கட்டில் சட்டத்தில், நாற்காலியில், அலமாரிக் கதவில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் விரித்தாள். கட்டிலில் படுத்திருந்த கணவரைச் சுற்றி ஈரத்துணியாகத் தொங்கியது.

"என்னம்மா இது, காய்ச்சல்காரன் தலைமேல?"

"உங்க மேல போட்டாலும் சீக்கிரம் காஞ்சுடும். கொதிக்கறீங்க. சும்மா கிடங்க."

பிறகு முன்னறைக் கயிறுகளை இடது கையால் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முடிச்சுகள் ஈரத்தில் இறுகியிருந்தன. பல்லால் கடித்து இழுத்தாள். நாத்தனார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை. அறை காலியானதும் அது இவ்வளவு பெரிய அறையா என்பதுபோல இருந்தது. துணிக்காரம்மா பாயை நடுவில் விரித்து, தலையணையைப் போட்டாள்.

"படு. கதவச் சாத்திக்கோ," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

காலையில் மழை ஓய்ந்திருந்தது. பையின் ஒரு காதை ஒருத்தியும் இன்னொரு காதை இன்னொருத்தியுமாகப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தேங்கிய தண்ணீரைக் கண்ட இடத்தில் ஆளுக்கொரு பக்கம் விலக, பை நடுவில் ஆடியது.

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டா அங்க?"

"தெரியல. கேக்கணும்."

"கேளு."

"கேட்டு?"

"கேட்டுட்டு வா. சாப்பிட்டுட்டுப் போ."

"வந்தா பெட்டியத் தூக்கிக் கையில குடுப்பீங்க."

"குடுக்க மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்?"

பேருந்து வந்தது. கூட்டமில்லை. நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட விரலைப் பார்த்து, "ஈரத்துல வெக்காதீங்க," என்றாள். அது நடக்கிற காரியமில்லை என்று இருவருக்கும் தெரியும். துணிக்காரம்மா தலையை ஆட்டினாள். வண்டி திருப்பத்தில் மறைகிற வரை அங்கேயே நின்றாள்.

நிறுத்தத்தில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "யாரும்மா, விருந்தாளியா? வந்துட்டுப் போறாங்களா?"

"இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு," என்றாள் துணிக்காரம்மா. "வேலைக்குப் போறா."

தெருவில் மெல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இல்லத்து வண்டி இந்நேரம் மூட்டையை இறக்கியிருக்கும். மழை மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் மாடியில் நாலு துணியாவது போட்டாக வேண்டும். துணிக்காரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.